பதினேழாம் எண் புழு

மஞ்சக்கல் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே ‘டப்பா சார்’. முதுகுக்குப் பின்னால் ‘பீ சார்’. பரமகுரு என்று என் அப்பா மூன்று நாள் யோசித்து வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது.

குறை சொல்ல ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்று, ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை பயபக்தியோடு என்னிடம் நீட்டுவார்கள். அர்ச்சனைத் தட்டு வாங்குகிற குருக்களைப் போல நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். பிறகு அவற்றைப் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் இருக்கும் மெஷினுக்குள் ஒவ்வொன்றாக வைப்பேன். ‘மாதிரி ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி’ என்று அது சொல்லும். சுகாதாரத் துறையில் எனக்கு நன்றி சொல்கிற ஒரே ஊழியர் அதுதான்.

மாலை ஐந்து மணிக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் முடிவுகள் எல்லாம் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மங்களேஸ்வரிக்குப் போய்விடும். ‘பெற்றேன்’ என்று பதில் வரும். கடந்த மூன்று வாரமாக மட்டும் பதில் கொஞ்சம் நீண்டிருந்தது. ‘பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா?’ நானும் மூன்று வாரமும் ‘பார்த்தேன் மேடம், நன்றி’ என்று அனுப்பினேன். பார்த்திருந்தால் இந்தக் கதையை மூன்று வாரம் முன்னாடியே சொல்லி முடித்திருப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை மலை முழுக்கப் பனிமூட்டம். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. மெஷின் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் அதற்கு முன் பார்த்ததை மறந்துவிட்டது. அதனால் பத்து வருடத்துக்குப் பிறகு பேனாவை எடுத்து, ஒவ்வொரு டப்பாவிலும் இருந்த புழுவின் எண்ணை நோட்டில் எழுத வேண்டியதாயிற்று. 4, 22, 17, 9, 17. பன்னிரண்டாவது டப்பாவிலும் 17 வந்தபோது மெஷினின் தலையில் ஒரு தட்டு தட்டினேன். ‘நன்றி’ என்றது. அடுத்ததும் 17. கடைசியில் எண்ணிப் பார்த்தேன். ஏழு பிள்ளைகளின் டப்பாக்களில் ஒரே புழு இருந்தது.

ஒரு புழு ஏழு வயிற்றில் இருக்க முடியாது. என்னைப் போன்ற அரைகுறைக்கும் இது தெரியும்.

*

புழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் பெற்றோர் கூட்டத்தில் டாக்டர் வந்து விளக்கியபோது முதல் கேள்வி கேட்டவர், நான்காம் வகுப்பு ஜெபராணியின் அம்மா எஸ்தர்.

“இத்தனை வருஷமா புழுவைக் கொல்ல மாத்திரை குடுத்தீங்க. இப்ப நீங்களே புழு குடுக்குறீங்களாக்கும்?”

“மாத்திரை போட்டா கொக்கிப்புழு செத்துரும்மா. ஆனா மறுநாளும் பிள்ளை இதே ஈர மண்ணுலதானே வெறுங்காலோட ஓடும்? கால் தோல் வழியா திரும்ப உள்ள ஏறிடும். ஏறி, குடல்ல தொங்கிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும். அதான் பிள்ளைங்க வெளுத்துப்போய் வகுப்புல தூங்கி விழுறாங்க. இது லேப்ல செஞ்ச புழு. கடிக்காது, குட்டி போடாது, ஒரு வருஷம் இருந்துட்டுப் போயிரும். இது உள்ள இருக்கிற வரைக்கும் கொக்கிப்புழுவுக்கு அங்க இடமில்ல.”

“வாடகை?” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

“பிள்ளை சாப்பிடுறதுல ஒரு பருக்கை.”

ஊர் சிரித்தது, சம்மதித்தது. நாற்பத்து மூன்று பிள்ளைகள் ஆளுக்கொரு மாத்திரையாக நாற்பத்து மூன்று புழுக்களை விழுங்கினார்கள். அன்று சாயங்காலமே எல்லாப் புழுவுக்கும் பெயர் வைத்தாயிற்று.

வாரம் ஒருமுறை இந்தப் புழு கசகசா மாதிரி கொஞ்சம் மணிகளை உதிர்க்கும். மெஷின் ஒரு மணியை நறுக்கிப் பார்த்தால், வெட்டிய மரத்தில் தெரிகிறாற்போல வளையங்கள் தெரியும். வேளைக்கு ஒன்று வீதம் வாரத்துக்கு இருபத்தொன்று. பிள்ளை சாப்பிட்டிருந்தால் கறுப்பு வளையம், வயிறு காலியாக இருந்தால் வெள்ளை. நடுவில் அந்தப் புழுவின் எண். புழு நன்றாகச் சாப்பிடுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. பிள்ளை சாப்பிட்டதா என்று தெரிந்துகொள்வது யாருடைய திட்டத்திலும் இல்லை.

ஆறு வெள்ளை வளையம் தொடர்ந்து வந்தால் அந்தப் புழுவை மருந்து கொடுத்து வெளியேற்றிவிட வேண்டும் என்பது விதி. பட்டினி கிடக்கும் புழு குடலின் சுவரைக் கொறிக்கலாம் என்று ஒரு பயம். கொறித்ததாக இதுவரை ஒரு பதிவும் இல்லை. கொறிக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆளும் இல்லை. ஒரு முறை வெளியேற்றினால் அந்தப் பிள்ளைக்கு மறுபடி புழு கிடையாது.

ஆகஸ்டில் கிளாட்வின் என்கிற பையனுக்கு ஏழு வெள்ளை வந்தது. அடிவாரத்துக்கு அழைத்துப் போய்ப் புழுவை எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் கொக்கிப்புழு திரும்பி வந்து, பையன் இப்போது முதல் பீரியடிலேயே பெஞ்சில் தலை சாய்க்கிறான். அவன் புழுவைப் பிள்ளைகள் பள்ளிக்குப் பின்னால் தீப்பெட்டியில் வைத்துப் புதைத்து, மேலே ஒரு டேலியா பூ செருகியிருந்தார்கள். தீப்பெட்டியில் உண்மையில் இருந்தது ஒரு நூல் துண்டு என்று பிற்பாடு தெரிந்தது. சடங்கில் குறையில்லை.

அன்றைக்கு வகுப்பில் சோகமாக இருந்தவர்களைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் ஒரு ஜோக் அடித்தேன். “ஒழுங்கா சாப்பிடுங்கடா. வெள்ளை வளையம் வந்துச்சு, உங்க புழுவையும் பிடிச்சிட்டுப் போயிருவோம்!”

யாரும் சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்கு அது வழக்கம்தான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

பதினேழாம் எண், ஐந்தாம் வகுப்பு பெனாசிரின் புழு. எஸ்டேட் முக்கில் பேக்கரி வைத்திருப்பவரின் மகள். அவள் வளையங்களைப் பார்த்தால் எப்போதும் மனசு நிறையும், இருபத்தொன்றும் கரிக்கட்டையாக இருக்கும். அன்று கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். பத்தொன்பதுதான் கறுப்பு. சனிக்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமை மதியமும் வெள்ளை.

இடைவேளையில் அவளைத் தண்ணீர்த் தொட்டியருகே கூப்பிட்டேன்.

“பெனாசிர், சனிக்கிழமை மத்தியானம் ஏன்மா சாப்பிடல?”

“சாப்ட்டேனே சார்.”

“ஞாயித்துக்கிழமை?”

“அன்னிக்கும்தான் சாப்ட்டேன். பிரியாணி.”

“உன் புழு அப்படிச் சொல்லலையே.”

அவள் குனிந்து, காட்டிக்கொடுத்த கூட்டாளியைப் பார்ப்பதுபோல் தன் வயிற்றைப் பார்த்தாள். “சுல்தான்! உனக்கு வாய் ரொம்ப நீளம்டா.”

“சுல்தான் இன்னொண்ணும் சொல்றான். அவனுக்கு ஒரு நம்பர் இருக்கு. பதினேழு. இன்னிக்கு ஏழு டப்பாவுல பதினேழு இருக்கு.”

“நம்பர் போட்டிருக்கீங்களா?” அவள் குரலில் நியாயமான கோபம் இருந்தது. “சொல்லவே இல்லியே சார் எங்ககிட்ட!”

“அது சரி. ஏழு டப்பா எப்படிம்மா உன்னால...”

“ஞாயித்துக்கிழமை படுக்கறப்ப ரெண்டு வாழைப்பழம். காலைல ஒரு சொம்பு வெந்நீர். கஷ்டம்தான் சார். எனக்கு மட்டும்னா சட்டுனு வந்துருவேன். அத்தா வெளியில நின்னு கதவைத் தட்டறாங்க, உள்ள குடித்தனமே பண்றியாடீன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, விசாரணை அதிகாரியின் முகத்தை மாட்டிக்கொண்டேன். அது எனக்கு எப்போதுமே ஒரு சைஸ் பெரிது.

“யார் சொல்லிக் குடுத்தா இதை?”

“நீங்கதான்.”

“நானா?”

“நீங்கதானே சார் சொன்னீங்க, வெள்ளை வந்தா பிடிச்சிட்டுப் போயிருவோம்னு. மேல் லைன்ல ஆறு பேருக்கும் சனி ஞாயிறு வெள்ளைதான் வரும். அதான் பேசி வச்சு, என்னோடதையே எல்லாருக்கும் பிரிச்சோம்.” அவள் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஜெபராணிக்கு இப்பதான் சார் ஓட முடியுது. முன்னாடியெல்லாம் கண்ணாமூச்சி ஆடினா அவ ஒளிய மட்டும்தான் வருவா. உக்காந்தே இருக்கலாம்ல, அதான். இப்ப அவளே பிடிக்க வர்றா.”

ஜெபராணியின் அட்டையை நான் பார்த்திருக்கிறேன். ஜூனில் ஹீமோகுளோபின் ஆறரை. போன மாதம் பத்து. எனக்கு அது வெறும் இரண்டு எண்களாகத்தான் இருந்தது.

“சரி, உன் மத்தியானச் சாப்பாடு எங்க போச்சு?”

“டப்பா மட்டும் குடுத்தா போதுமா சார்?” என்றாள் பெனாசிர். “அவங்களுக்குப் பசிக்காதா?”

*

மேல் லைனுக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, மதியம் ஏறினேன். எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிற எஸ்டேட். தேயிலைச் செடிகள் கவாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, மரமாகிவிடுவோம் என்று மிரட்டிக்கொண்டிருந்தன. எஸ்தர் பைப்படியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

“எம் பிள்ளை சாப்பிடலைன்னு யார் சார் சொன்னா?”

“புழு சொல்லுச்சும்மா.”

அவர் ஈரத் துணியைப் பிழிவதை நிறுத்தவில்லை. நன்றாகப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

“ரேஷன் அரிசி பத்தாம் தேதிக்கு மேல தாங்காது. ஒரே கார்டுல ஒம்பது பேர். ஸ்கூல் இருக்கிற நாள்ல காலையும் மத்தியானமும் அங்க போட்டுர்றாங்க, ராத்திரிக்கு எதையாவது வச்சு ஓட்டிருவேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துட்டாத்தான்... திங்கக்கிழமை காலை வரைக்கும் சாயத்தண்ணிதான். டீத்தூளுக்கு மட்டும் இங்க பஞ்சமில்ல.” சிரித்தார். “எஸ்டேட்டைப் பூட்டிட்டுப் போனவனுக்குத் தெரியல. பக்கத்து வீட்டுக்குக்கூட நான் தெரிய விடல. ஒரு புழுவுக்குத் தெரிஞ்சு போச்சு பாருங்க.”

“நான் யார்கிட்டயும்...”

“புழுவை எடுத்துருவீங்களா சார்?”

 முடிவை அப்படியே அனுப்பினால் பெனாசிரின் மணிகள் ஆறு பேரையும் காப்பாற்றும். ஆனால் அவர்களின் வயிற்றுக்குள் நிஜமான புழுக்கள் நிஜமாகவே பட்டினி கிடக்கின்றன. கொறிக்காது என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியுமா? உண்மையைச் சொன்னால் புழு போகும், கொக்கிப்புழு வரும். எந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்தே ஒளிய வேண்டும்.

இறங்கி வந்து, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பிரிக்காத விதிப்புத்தகத்தைப் பிரித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் எழுதியிருப்பவற்றில் பாதியை நான் இத்தனை நாளாக மீறிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. கடைசி இணைப்பில், பொடி எழுத்தில், ஒரு பத்தி கிடந்தது. அதை மூன்று முறை படித்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.

“மேடம், எனக்கு ஒரு சந்தேகம்.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம். “என்ன சொன்னீங்க?”

“சந்தேகம் மேடம். ஏழு டப்பாவுல ஒரே நம்பர். எந்த மாதிரி யாரோடதுன்னு...”

“அப்பாடா,” என்றார் டாக்டர். “மூணு வாரமா இந்த வார்த்தைக்குத்தான், பரமகுரு, நான் காத்திட்டிருக்கேன். பார்த்தீங்களா, பார்த்தீங்களான்னு எத்தனை தடவை கேக்குறது?”

“உங்களுக்கு முதல்லயே தெரியுமா? அப்ப நீங்களே...”

“நான் கண்டுபிடிச்சதா எழுதினா அது விசாரணை. மேல இருந்து கமிட்டி வரும், எதுக்கு வம்புன்னு எல்லாப் பிள்ளைக்கும் புழுவை எடுத்துட்டுப் போயிருவாங்க. மாதிரி எடுக்கிற ஆள் சந்தேகம்னு எழுதினா அது மறு பரிசோதனை. இணைப்பைப் படிச்சீங்கல்ல? படிங்க, கேக்குறேன்.”

படித்தேன். “மாதிரி ஐயத்துக்குரியது என டெக்னீஷியன் கருதும் நேர்வில், குழந்தைக்குத் தொடர்ந்து ஏழு வேளை, டெக்னீஷியனின் நேரடிப் பார்வையில், முட்டையுடன் கூடிய சோதனை உணவு அளித்து, அதன் பின் புது மாதிரி எடுக்க வேண்டும்.”

“வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சா ஏழு வேளை எப்ப முடியும்?”

விரல் விட்டு எண்ணினேன். “ஞாயித்துக்கிழமை ராத்திரி.”

“அரிசி, பருப்பு, முட்டை வியாழக்கிழமை ஜீப்புல வரும். பொய் எதுவும் எழுதாதீங்க. சந்தேகம் உண்மைதானே?”

“உண்மைதான் மேடம். என் சர்வீஸ்லயே உண்மையான சந்தேகம் இதுதான்.”

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்து அடுப்பில் சோதனை உணவு தயாரானது. சமைத்தவர் எஸ்தர். சமைப்பவர் முதலில் உண்டு காட்ட வேண்டும் என்று இணைப்பின் அடுத்த வரி சொல்வதாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “இணைப்புல இருக்கா, நீங்களா சேத்தீங்களா?” என்றார். பிறகு சாப்பிட்டார். அந்த வரி உண்மையிலேயே இருந்தது. என் முகராசிக்கு உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

ஆறு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏழாவதாக பெனாசிர் தட்டோடு வந்தாள்.

“உனக்கு எதுக்கும்மா? உங்க வீட்டுல பிரியாணி.”

“என் டப்பாவுலயும் பதினேழுதானே சார்? அப்ப நானும் சந்தேகம்தான்.”

சட்டப்படி அவள் சொன்னது சரி.

ஏழு வேளை நேரடிப் பார்வை. சனியும் ஞாயிறும் என் அறைக்குக்கூடப் போகவில்லை. பரிமாறினேன், தட்டு கழுவினேன், முட்டை உரிக்கக் கற்றுக்கொண்டேன். ஜெபராணி மஞ்சள் கருவைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் தின்பவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் கண்ணாமூச்சி. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றவனை ஜெபராணி நாலே எட்டில் ஓடி வந்து தொட்டாள். “பீ சார் அவுட்!” என்று கத்தினாள். முகத்துக்கு நேராகவே கத்திவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பத்து வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை டப்பாக்கள் வந்தன. முந்தைய வெள்ளிக்கிழமையே பிள்ளைகள் மத்தியில் நான் பொதுவாக ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தேன்: “மறுபடியும் பதினேழு வந்தா மறுபடியும் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா மறுபடியும் முட்டை வரும். சும்மா சொல்றேன்.” இந்த முறை ஜோக் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. மேல் லைன் பிள்ளைகளின் டப்பாக்களை வைத்தேன். 17. 17. 17. 17. 17. வரிசையில் நின்ற பெனாசிரின் முகத்தில் ஏகக் களைப்பு.

கடைசியாக ஜெபராணியின் டப்பா. மெஷின் நன்றி சொன்னது. எண் 31.

அவள் ஜன்னலுக்கு வெளியே நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது என்னோடதே சார்! கறுப்பா வந்திருக்கா? நான் எல்லா வேளையும் சாப்ட்டேன்ல?”

திரையில் பார்த்தேன். இருபத்தொரு வளையம், இருபத்தொன்றும் கறுப்பு. அந்தப் பெண்ணின் வயிறு முதல்முறையாக ஒரு முழு வாரத்தை நிரப்பி எழுதியிருந்தது. ஒரு வெள்ளை இல்லை. ஒரு சந்தேகமும் இல்லை.

சந்தேகம் இல்லையென்றால் வரும் வெள்ளிக்கிழமை அவளுக்குத் தட்டு இல்லை.

“எல்லாம் கறுப்பும்மா,” என்றேன். “கன்னங்கரேல்னு இருக்கு.”

அவள் குதித்தாள். அவள் குதித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

சோதித்தது போக மீதி மாதிரியைக் கைவசம் வைத்திருக்காவிட்டால் அந்த முடிவு செல்லாது என்பது விதிப்புத்தகத்தில் நாற்பதாம் பக்கம். நோட்டை எடுத்து எழுதினேன்: ‘எண் 31. டெக்னீஷியனின் கவனக்குறைவால் மாதிரி கீழே கொட்டிவிட்டது. மறு பரிசோதனை தேவை.’ எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தேன். பொய் எழுதாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் டப்பாவைத் திறந்து, கையை நீட்டி, கொட்டினேன்.

பிறகு பினாயிலும் துணியும் கொண்டுவந்து மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். இரண்டு பட்டம் வாங்கிய மனிதன். கதவருகே நிழல் தெரிந்தது. ஜெபராணி.

“கொட்டிருச்சா சார்?”

“ஆமாம்மா. கை தவறிடுச்சு. அடுத்த வாரம் திரும்ப டெஸ்ட் எடுக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துரு.”

அவள் துடைக்கும் துணியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கை தவறுகிறவர்களை அவளுக்குத் தெரியும். ஜூன் மாதம் வரை அவள் கையிலிருந்தும் பென்சில், தட்டு, சிலேட்டு எல்லாம் இப்படித்தான் தவறி விழுந்துகொண்டிருந்தன. அது ஏன் என்றும் அவளுக்குத் தெரியும்.

அவள் உள்ளே வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். யாருக்கும் கேட்காதபடி, ரகசியமாகக் கேட்டாள்.

“சார், நீங்க காலைல சாப்ட்டீங்களா?”